பேரு வெட்டுன சம்படம்

இல்லீங் கண்ணு, இது மடியிலயே இருக்கட்டும், பாரமெல்லாம் இல்ல. மேல கம்பியில வெச்சா பிரேக்குப் போடறப்ப உருண்டுரும், கீழ வெக்க மனசு வரல. முறுக்குப் போட்டு வெக்கற சம்படந்தான். ஆமா, உள்ள முறுக்குத்தான் இருக்குது. உனக்குத் திங்கோணும்னா இந்த மஞ்சப்பையில வேற இருக்குது, எடுத்துக்கோ, நேத்துச் சுட்டது. சம்படத்துல இருக்கறது மட்டும் திங்கறதுக்கில்ல. ஏன்னு சொல்றேன், இன்னும் மல்லூரே வரலியே.

நீ எந்தூரு அம்மிணி? மின்னக்கல்லா! அட, அங்க எங்களுக்குப் பாதி ஊரு ஒறம்பரை. கழுத்துல அட்டை மாட்டிருக்கறியே, வேலைக்கா? ஸ்கேன் சென்டரா, நல்லது, நல்லது. காதுல இருக்கற ரெண்டையும் கழட்ட வேண்டாம், ஒண்ணு போதும். ஒரு காதுல பாட்டக் கேளு, ஒரு காதுல என்னையக் கேளு. என்ற ஊட்டுக்காரரு ரெண்டு காதையும் சும்மா வெச்சுட்டே கேக்க மாட்டாரு.

என்ற பேரு சௌந்திரம். வெண்ணந்தூருல ரெண்டு ஏக்கரா குச்சிக்கெழங்கு, ரெண்டு மாடு, ஒரு ஊட்டுக்காரரு, ஒரு மவன். அவ்வளவுதான் நம்ம ராஜ்ஜியம். என்ன அப்பிடிப் பாக்கற, எங்கியோ பாத்த மாதிரி இருக்குதா? இருக்கும், செல்லுல பாத்திருப்ப. செல்லாண்டியம்மன் அதிசயம்னு ஒரு வீடியோ சுத்துச்சே, அந்த விமானம் கடல்ல உழுந்தப்ப. அம்மன் போகாதேன்னு சொல்லித் தப்பிச்ச பையன்னு. அந்தப் பையனோட அம்மா நாந்தான். பச்சைச் சீலை கட்டிட்டு, திருடிட்டு வந்தவளாட்ட முழிச்சுட்டு நிப்பேனே, அதே அம்மாதான். படம் புடிக்க வந்த தம்பி நல்லா அழுங்கம்மா, அழுங்கம்மாங்கறான். எனக்கு வரல. அப்பறம் அவனே பாட்டுப் போட்டுச் சேத்துக்கிட்டான்.

என்ற மவன் தமிழரசு ரிக் வண்டியில இருக்கறான். போர் போடற லாரி. நம்ம பக்கத்து ஆளுக இந்தியா பூராவும் ஓட்டை போட்டு முடிச்சாச்சு, இனி இங்க எடமில்லைன்னு ஆப்பிரிக்காவுல போட்டுட்டு இருக்கறாங்க. திருச்செங்கோட்டுல ஒரு ரிக் மொதலாளி ரெண்டு வண்டியக் கப்பல்ல ஏத்திக் கொண்டு போயி அங்க நிறுத்திருக்கறாரு. ஆளுகள பேட்ச் பேட்ச்சா அனுப்புவாரு. போனா ரெண்டு வருசம், நடுவுல ஊருப் பக்கம் தலை காட்ட முடியாது. தை மாசக் கடைசில மொத பேட்ச், அதுல தமிழு பேரு இருந்துச்சு. ரம்ஜான் முடிஞ்சு ரெண்டாவது பேட்ச், அதுல அஸாரு.

அஸாருன்னா அஸாருதீன். சேலத்துப் பையன், லைன்மேடு. தமிழும் அவனும் ஆறு வருசமா ஒரே வண்டி. ஒருத்தன் ராடு எடுத்துக் குடுத்தா ஒருத்தன் மாட்டுவான், ரெண்டு பேருக்கும் ஒரே மண்ணுதான் மூஞ்சி பூரா, எது என்ற மவன்னு குரலு கேட்டாத்தான் தெரியும். வண்டி எங்கூருப் பக்கம் வந்தா அவனுக்குச் சோறு எங்கூட்டுலதான். கறி திங்க மாட்டான், முறுக்குன்னா சம்படத்தோட காலி. அவங்கம்மா அக்தர் பானு, நான் பானு அக்கான்னுதான் கூப்புடுவேன். நோம்பு மாசம் அவங்க ஊட்டுல கஞ்சி காச்சறப்ப எங்கூட்டுக்காரரு ஏதோ சேலத்துல சோலி இருக்கறவராட்ட பஸ்சேறிப் போயி வாசல்ல நிப்பாரு. அந்தக் கஞ்சிக்கு அப்பிடியொரு நாக்கு அவருக்கு.

இந்தா, மல்லூரு வந்துருச்சு. சன்னல் பக்கம் தள்ளி உக்காந்துக்கோ, கூட்டம் ஏறும்.

எங்க உட்டேன்? ஆங், தமிழ அனுப்பறதுக்கு முன்னால கோயில்ல பூக் கேட்டோம். எங்கூட்டுல பூக் கேக்காம ஒண்ணும் பண்றதில்ல கண்ணு. மாடு வாங்கறதுன்னாலும் பூ, பொண்ணு பாக்கறதுன்னாலும் பூ. என்ற மவன் தண்ணி பாக்கறதுக்கு மெஷினு வெச்சிருக்கறான், எங்க பங்காளி அந்த மெஷினு சொன்ன எடத்த உட்டுட்டு பூ சொன்ன எடத்துல போரு போட்டாரு. தண்ணி வந்துச்சான்னு கேக்காத. மண்ணு நல்லா வந்துச்சு.

உங்கூருல எப்பிடிக் கேப்பாங்களோ தெரியாது. எங்கூருல ஒரு பொட்டணத்துல வெள்ளரளி, ஒண்ணுல செவப்பரளி. உள்ள என்ன இருக்குதுன்னு தெரியாத மாதிரி எலையில மடிச்சு நூல் சுத்தி அம்மன் முன்னால போடோணும். ஒரு கொழந்தைய எடுக்கச் சொல்லோணும். வெள்ளை வந்தா போ, செவப்பு வந்தா போகாத. எடுக்காத பொட்டணத்தப் பிரிக்கப் படாது, அப்பிடியே கோயில் கெணத்துல போட்டுரோணும். கேக்கற ஊட்டுப் பொம்பளைதான் தலைக்குத் தண்ணி வாத்துட்டு வந்து பொட்டணங் கட்டோணும். நாந்தான் கட்டுனேன். பூசாரி கந்தவேலு மணியாட்டுனாரு. பக்கத்தூட்டு யாழினி, நாலு வயசு, மூக்க ஒழுக்கிட்டே வந்து ஒண்ண எடுத்துக் குடுத்துச்சு. பிரிச்சா செவப்பு.

தமிழு மூஞ்சியப் பாக்கோணுமே! பொட்டியெல்லாம் கட்டியாச்சு, புதுச் செருப்பு வாங்கியாச்சு. இன்னொருக்காக் கேக்கலாம்னான். சாமிகிட்ட என்னடா பேரம்னு அவங்கப்பா ஒரு அதட்டுப் போட்டாரு. அப்பறம் மொதலாளிக்குப் போனப் போட்டு, பூ வரலீங்கன்னான். மொதலாளியும் நம்மாளு தான, பூவுன்னதும் எதுத்துக் கேக்கல. சரி தம்பி, வேற ஆளப் பாத்துக்கறேன்னுட்டாரு. ரெண்டு நாளு சோறு திங்காம மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டுத் திரிஞ்சான். மூணாவது நாளு பசிச்சுருச்சு.

விமானம் உழுந்தது ஒரு வெள்ளிக்கெழம. பம்பாயில ஏறிக் கடலுக்கு மேல போயிட்டு இருந்தது காணாமப் போச்சுன்னு டிவியில சொல்றாங்க. மொதல்ல நாங்க கவனிக்கல. கெழங்கு புடுங்கிட்டு இருந்தோம். மதியானம் ஊட்டுக்கு வந்து சோத்துல கைய வெக்கறேன், வாசல்ல ஒரு ஆம்னி வேன் வந்து நிக்குது. எடப்பாடியில இருக்கற எங்க நாத்தனா ஆத்தாயி, கூட ஏழெட்டுப் பேரு. தமிழு தமிழுன்னு மாருல அடிச்சுட்டு எறங்கறா. கையில ரோசாப்பூ மாலை, அதும் பெரிய மாலை. என்னன்னா, மொதலாளி ஆபீசுல இருந்து வாட்ஸப்புல போன லிஸ்ட்டு பழைய லிஸ்ட்டாம். அதுல நம்மவன் பேரு இருந்திருக்குது.

அவ போட்ட சத்தத்துல தமிழு பொடக்காலியில மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு இருந்தவன் ஓடி வந்து, கேட்டைத் தொறந்து, வாங்கத்தே, என்ன இந்த வெயில்லன்னான். ஆத்தாயி அவனப் பாத்தா. மாலையப் பாத்தா. அப்பிடியே மடங்கி உக்காந்துட்டா. சோடாத் தண்ணி தெளிச்சு, மோரக் குடுத்து எழுப்புனா, கண்ணத் தொறந்ததும் அவ கேட்ட மொத வார்த்தை, அப்ப இந்த மாலைய என்ன பண்றதுங்கறா! ஏ சிரி கண்ணு, சிரி. நாங்களும் சிரிச்சோம். அத்தனை பேரும் வாசல்ல உக்காந்துட்டு வயித்தப் புடிச்சுச் சிரிச்சோம். செல்லாண்டியம்மா காப்பாத்திட்டா, பூ காப்பாத்திருச்சுன்னு மாத்தி மாத்திச் சொல்லிட்டு. எங்கூட்டுக்காரரு கோயிலப் பாத்து நெடுஞ்சாண் கெடையா உழுந்தாரு, எந்திரிக்கறதுக்கு ரெண்டு ஆளு வேணுமாயிருச்சு.

தமிழு மட்டும் சிரிக்கல. செல்ல எடுத்து யாருக்கோ போட்டான். மறுபடி போட்டான். சுச்சாப்பு, சுச்சாப்புன்னு அந்தப் பொம்பள கொரல் எங்களுக்கே கேட்டுச்சு.

ஆமா கண்ணு. அஸாருதான். தமிழு வரலைன்னதும் மொதலாளி ரெண்டாவது பேட்ச்சுல இருந்தவன முன்னால இழுத்துட்டாரு. விசா தயாரா இருந்தது அவனுக்கு மட்டுந்தான். வாசல்ல உக்காந்து சிரிச்சப்ப எங்க ஒருத்தருக்கும் அவன் நெனப்பு வரல. அடுத்த காதையும் கழட்டிட்டியா? உன்ற பாட்டக் கெடுத்துட்டேன் போ.

போறதுக்கு மொத நாளு எங்கூட்டுக்கு வந்தான் கண்ணு. தமிழுக்குன்னு சுட்ட முறுக்கு ஒரு சம்படம் நெறைய அப்பிடியே இருந்துச்சு. நீ கொண்டு போடா, அங்க யாரு உனக்குச் சுட்டுத் தரப்போறாங்கன்னு கையில குடுத்தேன். கால்ல உழ வந்தான், வேண்டாஞ் சாமின்னுட்டேன். சிரிச்சுட்டே சொல்றான், உங்க செல்லாண்டியம்மா எனக்கு ரூட்டுப் போட்டுக் குடுத்துருச்சும்மா, அடுத்த வாட்டி வந்து தேங்கா ஒடைக்கறேன்னு. பைக்குல பின்னால சம்படத்தக் கட்டிட்டுப் போனான். அதுதான் இது.

இந்தா, புடிச்சுப் பாரு. மூடிக்குக் கீழ எழுதிருக்குது பாரு, படி. செ. சௌந்திரம், வெண்ணந்தூரு. செ வந்து சென்னியப்பன், எங்கூட்டுக்காரரு. கல்யாணங் காச்சிக்குப் பாத்திரங் குடுத்து வாங்குனா மாறிப் போயிரும்னு பேரு வெட்டி வெக்கறமில்ல? அது எங்கயும் மாறிப் போகல. கடல்லயும் மாறல. தேடப் போன கப்பலு மெதந்துட்டு இருந்தத எடுத்துருக்குது. மூடி அவ்வளவு இறுக்கம். நாலு நாளைக்கு முன்னால... இல்ல, பத்து நாளிருக்கும், ரெண்டு ஆபீசருங்க காருல வந்தாங்க. இந்தப் பேரு உங்களுதாம்மான்னாங்க. தொறந்து பாத்துட்டு மறுபடி மூடி ஒட்டி வெச்சிருந்தாங்க. ஒரு சொட்டு உப்புத் தண்ணி உள்ள போகல கண்ணு. முறுக்கு அப்பிடியே இருக்குது, ஒண்ணுகூட ஒடையல. அந்தப் பையன் ஒண்ணாச்சும் எடுத்துத் தின்னுருக்கலாம். அங்க போயிச் சேந்து பிரிக்கலாம்னு வெச்சிருந்திருப்பான்.

ஒடம்பு கெடைக்கல. பானு அக்கா வாயில பஞ்சுக் குச்சிய உட்டு எச்சியெடுத்துட்டுப் போனாங்க, கெடச்ச ஒடம்பு ஒண்ணோடயும் சேரல. தேடறதயும் நிறுத்தியாச்சாம். ஒடம்பு இல்லாமயே தொழுகை வெச்சாங்க. அஸாரோடதுன்னு கெடச்சது இந்தச் சம்படம் ஒண்ணுதான், அதுலயும் என்ற பேருதான் இருக்குது. நீங்களே அவங்கம்மாகிட்டச் சேத்துருங்கன்னு அந்த ஆபீசருங்க கையெழுத்து வாங்கிட்டுப் போனாங்க.

பொய்மான் கரடு தாண்டிட்டமா? வெரசாப் போறான் இன்னிக்கு.

இங்க எங்கூருல நடக்கற கூத்தக் கேளு. வீடியோ சுத்துனதுல இருந்து செல்லாண்டியம்மாளுக்குச் செவ்வா வெள்ளி நிக்க எடமில்ல. ஜலகண்டாபுரத்துல இருந்து வேனு, எடப்பாடியில இருந்து வேனு. துபாய் போலாமா, சிங்கப்பூரு போலாமா, லோனு போட்டு ஏர்ஜெட்டுத் தறி வாங்கலாமான்னு அத்தனையும் பூ. வந்தவங்க சும்மா கேட்டுட்டுப் போனாப் பரவால்ல. பொட்டணம் அந்தம்மா கையாலதான் கட்டோணும்ங்கறாங்க! ராசியான கையாம். ஊட்டுப் பொம்பளைதான் கட்டோணும்கற மொறையே மாறிப் போச்சு. கந்தவேலு ஆளனுப்பிருவாரு, நான் கெழங்கு மண்ணக் கழுவிட்டு ஓடோணும். ஒண்ணு வெள்ளை, ஒண்ணு செவப்பு, ஒண்ணு வெள்ளை, ஒண்ணு செவப்புன்னு வாய் உட்டுச் சொல்லிக் கட்டுவேன். கட்டுன பொறகு பிரிச்சுப் பாத்து மறுபடி கட்டுவேன். என்ன சௌந்திரம் இத்தனை பதனம்னு கந்தவேலு சிரிப்பாரு. தமிழு வெடியால எந்திரிச்சுக் கோயிலக் கூட்டித் தண்ணி தெளிக்கறான். ஒரு நாளு தப்பாது. ரிக்குக்கு இன்னும் போகல.

பானு அக்காவா? அதச் சொல்லத்தான கண்ணு இவ்வளவும்.

தொழுகை முடிஞ்சு அவங்க ஊட்டுக்குப் போனப்ப நான் வாசப்படி ஏறறதுக்கே பயந்துட்டு நின்னேன். என்ற மவன் இருக்கறான், அவங்க மவன் இல்ல. எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் போறது? அவங்களே எந்திரிச்சு வந்து கூட்டிட்டுப் போயி பக்கத்துல உக்கார வெச்சாங்க. நீ எதுக்கு சௌந்திரம் கூனிக் குறுகற, உங்க சாமி உன்ற மவனப் போகாதேன்னு சொல்லிருச்சு, என்ற மவன அல்லா அந்த நேரத்துக்கு எழுதி வெச்சிருந்தான், நடுவுல மனுசங்க கை எதுவும் இல்ல, அத நெனச்சாத்தான் எனக்குத் தூக்கம் வருதுன்னாங்க. சொல்லிட்டு என்ற ரெண்டு கையும் எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. பூக் கட்டுன கையின்னு. அந்த ஈரம் இன்னும் இருக்கறாப்புலயே இருக்குது எனக்கு.

சீலநாயக்கன்பட்டியா? அதுக்குள்ளயா! குகை ஸ்டாப்புல எறங்கோணும் நான். அங்கிருந்து லைன்மேடு நடக்கற தூரந்தான்.

ஒண்ணு சொன்னா நீ சிரிப்ப. இது மூணாவது தடவை. போன வெள்ளிக்கெழம இதே பஸ்சுல வந்தேன், குகை வந்துச்சு, எறங்கல. பழைய பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயி அதே பஸ்சுல திரும்பி ஊருக்கு வந்துட்டேன். என்னம்மா, ஓசி டிக்கெட்டுன்னு ஊரச் சுத்திப் பாக்கறீங்களான்னாரு கண்டக்டரு. திங்கக்கெழம எறங்கிட்டேன். அவங்க தெருமொனை வரைக்கும் போனேன். கடையில ஒரு சோடாக் குடிச்சேன், இன்னொரு சோடாக் குடிச்சேன், திரும்பிட்டேன். வயிறு ஊதுனதுதான் மிச்சம்.

சம்படத்தக் குடுக்கறதுக்கு இத்தனை ரோசனை எதுக்குன்னு கேக்கற. குடுத்துரலாம், அது ஒரு நிமிசம். வாங்கிட்டு மறுபடியும் என்ற கையப் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்குவாங்களே. அதுக்குத்தான்.

ரெண்டு பொட்டணத்துலயும் செவப்பரளிதான் கண்ணு வெச்சேன்.

ஆமா, ரெண்டுலயுந்தான். யாழினி எத எடுத்திருந்தாலும் அதேதான் வந்திருக்கும். விமானம் உழுவும்னு எனக்கென்ன சோசியமா தெரியும்? ரெண்டு வருசம் அவன் கண்ணு முன்னால இல்லாட்டி எனக்குச் சோறு எறங்காது. காரணம் அவ்வளவேதான், அதுக்கு மேல ஒண்ணுமில்ல. யாருக்கும் சந்தேகம் வரப்படாதுன்னுதான் மொத நாளே அத்தனை முறுக்குச் சுட்டேன், மவன அனுப்பறவளாட்ட. எடுக்காத பொட்டணத்தக் கெணத்துல போட்டேன் பாரு, அது முழுகல. மெதந்துட்டே கெடந்துச்சு. யாராச்சும் எடுத்துப் பிரிச்சுருவாங்களோன்னு ஒரு தென்னமட்டைய எடுத்து அமுக்கி அமுக்கி உட்டேன். அம்மனும் சொல்லல, அவங்க அல்லாவும் எழுதல. நூலு சுத்துனவ நான். நான் சும்மா இருந்திருந்தா அஸாரு ரம்ஜான் கஞ்சி குடிச்சுட்டு, புதுத்துணி உடுத்திட்டு, வேற விமானத்துல போயிருப்பான். தமிழு? அதையும் நெனைக்காம இல்ல. வெள்ளை வந்திருந்தா என்ற மவன் போயிருப்பான். ரெண்டுல ஒருத்தன். அத நெனச்சா, மறுபடியும் செவப்பத்தான் வெச்சிருப்பேன்னு தோணுது. பாவி மனசு. அதையும் சேத்துத்தான் அவங்ககிட்டச் சொல்லோணும்.

சொன்னா அவங்க தூக்கம் போயிரும்னு சொல்றியா? எனக்கும் அதே பயந்தான் கண்ணு, அதனாலதான் ரெண்டு தடவை திரும்புனேன். ஆனாக்க பொய்யக் கட்டுன இந்தக் கைய நம்பிட்டு அவங்க தூங்கறாங்களே, அது எப்பிடி ஞாயம்? துப்பட்டும், அடிக்கட்டும், வெளிய போன்னு சொல்லட்டும்.

என்ற ஊட்டுக்காரருக்குத் தெரியாது. தமிழுக்குத் தெரியாது. இந்த ஒலகத்துல உனக்கு மட்டுந்தான் தெரியும், உன்ற பேருகூட நான் கேக்கல பாரு. உங்கிட்ட எதுக்குச் சொன்னேன்னா, அந்த வார்த்தை வாயில வருதான்னு ஒருக்காச் சொல்லிப் பாத்தேன். வந்துருச்சு.

குகைங்கறாரு. அந்தச் சம்படத்த இப்பிடிக் குடு சாமி. மஞ்சப்பை உனக்குத்தான், சென்டர்ல எல்லாருக்கும் குடு. கொஞ்சம் வழி உடுங்க, வழி உடுங்க. கண்டக்டரே, ரைட்டுக் குடுத்துராதீங்க, இன்னிக்கு நான் எறங்கறேன்.